எடை குறைந்துவிட்டது, தோல் மட்டும் அப்படியே தொங்குகிறது

கார்மேகம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 50 கிலோவுக்கு மேல் குறைத்திருக்கிறேன். ஊசி, அறுவை சிகிச்சை எதுவும் இல்லை. சாப்பாட்டுக் கட்டுப்பாடு, நடை, பிறகு ஜிம். ரத்த அழுத்த மாத்திரையை மருத்துவர் நிறுத்திவிட்டார். முழங்கால் வலி போயே போய்விட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் “ஆளே மாறிட்டியே” என்கிறார்கள். அவர்கள் பார்ப்பது உடை உடுத்திய என்னை.

குளியலறையில் நிலைமை வேறு. அடிவயிற்றுத் தோல் மடிந்து தொடை வரை இறங்குகிறது. கையைத் தூக்கினால் மேற்கையின் அடியில் தோல் ஆடுகிறது. உள்தொடை, மார்பு, முதுகு எல்லா இடத்திலும் மடிப்பு. குண்டாக இருந்த நாட்களில்கூட என் உடம்பை நான் இவ்வளவு வெறுத்ததில்லை. அப்போது அதற்கு ஏதோ ஒரு வடிவமாவது இருந்தது. இதை வெளியே சொன்னால் “இவ்வளவு குறைத்தும் திருப்தி இல்லையா?” என்று கேட்கிறார்கள், அதனால் சொல்வதில்லை. வீட்டுக்காரர் அறைக்குள் வந்தால் முதலில் விளக்கை அணைக்கிறேன்.

இது தானாகச் சுருங்குமா? இன்னும் 10 கிலோ குறைத்தால் போய்விடுமா? கத்திதான் வழி என்றால், அதற்குப் பிறகாவது மனம் அடங்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். பூசி மெழுக வேண்டாம்.


தவிட்டுக்குருவி

அக்கா, முதலில் ஒன்று. க்ரீம் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள். தோலை இறுக்கும் என்று போட்டிருந்த எல்லாவற்றையும் நான் வாங்கிப் பார்த்தாயிற்று. வாசனை நன்றாக இருந்தது, அரிப்பு குறைந்தது. அவ்வளவுதான்.


இரவுப்பணி

பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருக்கிறேன். மருத்துவர் இல்லை, ஆனால் இந்தத் தோலைத் தினமும் பார்க்கிறவள்.

தோலின் உள் அடுக்கில் இரண்டு வகை நார்கள் முக்கியம். கொலாஜன் உறுதியைத் தருகிறது. எலாஸ்டின் இழுத்தால் திரும்பி வரும் தன்மையைத் தருகிறது. கொலாஜனை உடம்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும், வயதானால் வேகம் குறையும். எலாஸ்டினைப் பெரும்பாலும் கருவிலும் சின்ன வயதிலும் செய்து முடித்துவிடுகிறது. பல வருடம் இழுபட்டே கிடந்த தோலில் அந்த நார்கள் சிதைந்துபோயிருக்கும். பழைய உடையில் எலாஸ்டிக் தளர்ந்தால் எத்தனை முறை துவைத்தாலும் இறுகுவதில்லையே, அந்தக் கதைதான். மேலே பூசுகிற க்ரீம் உள்ளே போய் அந்த நாரை மறுபடி கட்டாது. தவிட்டுக்குருவி சொன்ன அரிப்பு விஷயம் உண்மை, ஈரப்பதத்துக்காக ஏதாவது சாதாரண க்ரீம் போதும்.

யாருக்கு எவ்வளவு சுருங்கும் என்பது பல விஷயங்களைப் பொறுத்தது: எவ்வளவு எடை, அதை எத்தனை வருடம் சுமந்தீர்கள், வயது, பரம்பரை, பிரசவங்கள், வெயில், புகைப்பழக்கம். “மெதுவாகக் குறைத்திருந்தால் தொங்கியிருக்காது” என்று யாராவது வந்து சொல்வார்கள், மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். 50 கிலோ போன உடம்பில் எந்த வேகத்தில் போயிருந்தாலும் பெரும்பாலும் தோல் மிஞ்சத்தான் செய்யும். எடை ஒரே இடத்தில் நின்ற பிறகு ஓரிரு வருடம் வரை கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த 10 கிலோ பற்றி. மடிப்பைக் கிள்ளிப் பாருங்கள். மெல்லியதாக, சுருக்கத்தோடு கையில் வந்தால் அது தோல். தடிமனாக இருந்தால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது. பெரும்பாலோருக்கு இரண்டும் கலந்திருக்கும். முகம் வற்றி, மாதவிடாய் நின்றுபோகும் அளவுக்குக் குறைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தோலைக் கொழுப்பு என்று நினைத்துத் துரத்துகிறார்கள். அது பட்டினிக்கு அசையாது.

இது உங்கள் கற்பனை இல்லை என்பதற்காக ஒரு தகவல்: அதிக எடை குறைத்தவர்களின் உடலை 10 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிடும் பிட்ஸ்பர்க் அளவுகோல் என்று ஒன்று 2005-இலேயே வந்துவிட்டது. இது ஒரு மருத்துவப் பிரச்சினை. திருப்தி இல்லாத குணம் என்று யாரும் சொன்னால் விட்டுத்தள்ளுங்கள்.


பாறைதூக்கி

ஆண்களும் இந்த இழையைப் படிக்கிறோம் என்று பதிவு செய்ய வந்தேன். எனக்கு மார்பு. சட்டை ஈரமானால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மழையில் வெளியே போவதே இல்லை. நீச்சல் ரொம்பப் பிடிக்கும், தண்ணீரில் இறங்கி வருடக்கணக்காகிறது.

எடைப் பயிற்சி பற்றி எல்லோரும் சொல்வார்கள், அதில் பாதிதான் சரி. தசை வளர்ந்தால் தோலுக்கு அடியில் கொஞ்சம் நிரம்பும். தோள், மேற்கை, பிட்டம், தொடை இங்கெல்லாம் வித்தியாசம் தெரிந்தது. அடிவயிற்றில் ஒன்றும் நடக்கவில்லை. வயிற்றுத் தசை எவ்வளவு பலமானாலும் அதற்கு மேலே தொங்குகிற தோலை அது எப்படி இழுக்கும்? ஜிம்மில் ஒரு தம்பி “இன்னும் நூறு கிரஞ்ச் போடுங்க அண்ணா, ஒட்டிடும்” என்றான். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனாலும் பயிற்சியை விடாதீர்கள். எடை குறைக்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகும். புரதமும் பளு தூக்குவதும் அதைத் தடுக்க உதவும். இன்னொன்று, கண்ணாடியில் பார்ப்பதைத் தவிர வேறு எதிலாவது உடம்பை மதிப்பிட எனக்கு ஒரு வழி கிடைத்தது. போன மாதம் தூக்க முடியாததை இந்த மாதம் தூக்கினால் அந்த நாள் நல்ல நாள்.


கார்மேகம்

இரவுப்பணி அக்காவுக்கும் பாறைதூக்கி அண்ணாவுக்கும் நன்றி. கிள்ளிப் பார்த்தேன். வயிறு இரண்டும் கலந்தது, கை வெறும் தோல்.

ஒரு சங்கடமான கேள்வி. வயிற்று மடிப்புக்கு அடியில் சிவந்து, எரிந்து, சில நாள் வாடையும் வருகிறது. சுத்தமாகத்தான் இருக்கிறேன். மருந்துக் கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள், போட்டால் இரண்டு நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் முன்பைவிட மோசமாக வருகிறது.


இரவுப்பணி

சங்கடமே வேண்டாம், எங்கள் வார்டில் அதிகம் கேட்கிற கேள்வி இதுதான். இதற்கு இன்டர்ட்ரைகோ என்று பெயர். தோலோடு தோல் உரசி, வியர்வை தங்கி, காற்றுப் படாமல் புண்ணாகிறது. அதன் மேல் கேண்டிடா என்ற பூஞ்சை ஏறிக்கொள்கிறது. சுத்தமாக இருப்பவர்களுக்கும் இது வரும். சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தால் இன்னும் மோசமாகும்.

நீங்கள் சொல்வதைக் கேட்டால் அந்த க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று சந்தேகம். உறையில் பாருங்கள்: குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அதை நீங்களாகத் தொடராதீர்கள். சிவப்பை உடனே அடக்கும், பூஞ்சையை உள்ளே வளரவிடும், ஏற்கெனவே மெலிந்த தோலை இன்னும் மெலியவைக்கும். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் குளோட்ரிமசோல் போன்ற தனிப் பூஞ்சை மருந்தை முழுக் காலமும் போடச் சொல்வார்கள், சிவப்பு போன பிறகும் சில நாள். சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், அது கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் இந்தப் புண் திரும்பத் திரும்ப வரும்.

தினசரி: குளித்ததும் ஒற்றி எடுத்து மடிப்பை நன்றாக உலரவிடுங்கள். ஹேர் டிரையரைக் குளிர்ந்த காற்றில் வைத்துக் காட்டலாம். மெல்லிய பருத்தித் துணியை மடிப்புக்குள் வைத்து, ஈரமானால் மாற்றுங்கள். உரசல் அதிகமுள்ள இடத்தில் துத்தநாக ஆக்சைடு பூசினால் ஒரு தடுப்பு கிடைக்கும். நடக்கும்போதும் பயிற்சியின்போதும் இறுக்கமான உடற்பயிற்சிக் காற்சட்டை போட்டுத் தோலை ஆடாமல் தாங்கிக்கொள்ளுங்கள்.

புண் வரும் ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் பதிவாகட்டும். சில காப்பீடுகள் தோல் நீக்கும் சிகிச்சையை அழகு சிகிச்சை என்று தள்ளிவிடும். திரும்பத் திரும்பத் தொற்று வந்ததற்கும் மருந்தால் தீரவில்லை என்பதற்கும் சான்று இருந்தால் பேச இடம் இருக்கும்.


வெண்ணிலா77

தோழி, உங்கள் தோல் உங்கள் வெற்றியின் சின்னம்! ஒவ்வொரு மடிப்பும் நீங்கள் போராடிய கதை. கண்ணாடி முன் நின்று “நான் அழகு” என்று தினமும் சொல்லுங்கள், மாறிவிடும்.


ஓரக்கண்

வெண்ணிலா, நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மடிப்புக்குள் புண் வந்து எரிகிறவளிடம் சின்னம், பதக்கம் என்றெல்லாம் சொல்லக் கூடாது. நம்பாத ஒன்றைக் கண்ணாடியிடம் தினம் சொன்னால் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு குரல் “பொய்” என்கிறது. எனக்கு அப்படித்தான் ஆனது.

நேசிக்க வேண்டிய கட்டாயமில்லை. வெறுக்காமல் இருந்தால் போதும். “இது என் வயிறு, தோல் தளர்ந்திருக்கிறது, இப்போது பல் துலக்கப் போகிறேன்.” இந்த அளவு சாதாரணமாக அதைக் கடக்க முடிந்த நாளை நான் பெரிய நாளாக எண்ணுகிறேன்.


வெண்ணிலா77

சரி, ஏற்கிறேன். எனக்கு உதவியதை எழுதினேன். எனக்குக் குறைந்தது 15 கிலோதான், அதையும் சொல்லியிருக்கலாம்.


நீளத்தழும்பு

அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இங்கே பலர் தனிமடலில் கேட்கிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பம். பேனிகுலெக்டமி என்றால் தொங்குகிற தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுப்பது, அவ்வளவுதான். அப்டமினோபிளாஸ்டி என்றால் அதோடு விலகிப்போன வயிற்றுத் தசையையும் இழுத்துத் தைத்து, தொப்புளைப் புது இடத்தில் வெளியே எடுத்து வைப்பது. எனக்குச் செய்தது கீழுடல் லிஃப்ட்: இடுப்பைச் சுற்றி முழு வட்டமாக வெட்டி, வயிறு, இடுப்புப் பக்கங்கள், பிட்டம் எல்லாவற்றையும் தூக்கித் தைப்பது. மணிக்கணக்கில் மயக்கம். எழுந்ததும் பக்கத்துக்கு ஒன்றாக வடிகுழாய். ஓரிரு வாரம் நிமிர்ந்து நடக்க முடியாது. தையல் இழுக்கும், குனிந்தபடிதான் கழிவறைக்கே. தூங்குவது முட்டியை மடக்கி, முதுகுக்குத் தலையணை வைத்து. வாரக்கணக்கில் இறுக்கு உடை. பாரம் தூக்கக் கூடாது. வீட்டில் யாராவது கூட இருந்தே ஆக வேண்டும்.

குழாயை எடுத்த பிறகு எனக்கு நீர் கோத்தது. சீரோமா என்பார்கள், இந்தச் சிகிச்சையில் சகஜம். ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தார்கள், திரும்பக் கோத்தது, திரும்ப எடுத்தார்கள். தையலில் ஓரிடம் பிரிந்து ஆற நாளானது. அடிவயிற்றில் உணர்ச்சி இன்னும் முழுதாக வரவில்லை. கிள்ளினால் யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்கிறது. தழும்பு முதலில் சிவந்து தடித்திருந்தது, ஒரு வருடத்துக்கு மேலான பிறகு வெளுத்துப் படிந்துவிட்டது.

எவ்வளவு எடை எடுத்தார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் நினைத்ததைவிடக் குறைவு. தோல் பார்க்கத்தான் பெரிதாகத் தெரிகிறது. 10 கிலோ தோல் தொங்குகிறது என்று இணையத்தில் பார்க்கும் கணக்கை நம்பி, தராசில் அதைத் தேடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மறுபடி செய்வேனா? செய்வேன். புண் போய்விட்டது. ஓட முடிகிறது. பேன்ட் பட்டன் போட்டால் பொருந்துகிறது. ஆனால் கார்மேகம் கேட்ட கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில்: தோல் போன வேகத்தில் மனம் வரவில்லை. சிகிச்சை முடிந்து வெகுநாள் வரை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே பக்கவாட்டில் திரும்பித்தான் போனேன். கடையில் கை தானாகப் பெரிய அளவுக்குப் போகும். போன எடையை மனம் இன்னும் சுமப்பதை மருத்துவர்களே மாயக் கொழுப்பு என்கிறார்கள். கத்தி எட்டாத இடம் அது.


பாறைதூக்கி

அந்த நாற்காலி விஷயம்! எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். பேருந்தில் இருவர் இருக்கையில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்று இன்றும் விளிம்போடு ஒட்டிக்கொள்கிறேன்.


ஓரக்கண்

நீளத்தழும்பு அக்கா எழுதியதோடு என் கதையையும் வைக்கிறேன், அவர் கதை மாதிரி முடியவில்லை.

வயிறு செய்தேன், நன்றாக வந்தது. சில மாதம் நிம்மதி. பிறகு கை கண்ணில் பட்டது, அதையும் செய்தேன். அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கம் தழும்புக் கோடு. அப்புறம் தொடை. மூன்றாவது மருத்துவர் என் தொடையை விட்டுவிட்டு, “ஒரு நாளில் எவ்வளவு நேரம் இதைப் பற்றி யோசிக்கிறீர்கள்?” என்று கேட்டார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது, விழித்திருக்கும் நேரத்தில் பாதி. அவர் கத்தி எடுக்க மறுத்து மனநல மருத்துவரிடம் அனுப்பினார். கோபத்தோடுதான் போனேன்.

எனக்கு வந்த பெயர் பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர். மனநோய்களை வகைப்படுத்தும், 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 கையேட்டில் இதை எண்ணச் சுழற்சி நோயின் (ஓசிடி) குடும்பத்தில் வைத்திருக்கிறார்கள். தோல் தொங்குகிறது என்று வருத்தப்படுகிற எல்லோருக்கும் இது இருக்கிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். மற்றவர் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத குறையில் நாளே அழிகிறதா, அதுதான் கேள்வி. அப்படி இருந்தால் அறுவை சிகிச்சை பெரும்பாலும் திருப்தி தருவதில்லை. குறை இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். இதற்கு அறிதல் நடத்தை சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் இருக்கின்றன.

சிகிச்சையில் செய்த வேலை கேட்க அற்பமாக இருக்கும். கிள்ளிப் பார்ப்பது, ஒவ்வொரு கண்ணாடியிலும் கடைக்கண்ணால் பார்ப்பது (என் பயனர் பெயர் அப்படி வந்ததுதான்), படத்தைப் பெரிதாக்கிக் கையை மட்டும் பார்ப்பது இவற்றை எழுதிவைத்து ஒவ்வொன்றாகக் குறைத்தோம். கண்ணாடியைத் தவிர்க்கவும் விடவில்லை. கைநீளத் தூரத்தில் நின்று தலை முதல் கால் வரை முழுதாகப் பார்த்து, தீர்ப்புச் சொல்லாமல் விவரிக்க வேண்டும். “அசிங்கமான கை” என்றால் அவர் நிறுத்திவிடுவார். “மேற்கையின் அடியில் தோல் தளர்ந்திருக்கிறது, ஒரு வெளிர் தழும்பு இருக்கிறது.” இப்படித்தான். முதல் வாரங்களில் அழுதேன், பிறகு சலிப்பாக இருந்தது. சலிப்பு வந்தால் சரியான வழியில் போகிறீர்கள் என்றார்.


நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. இரண்டு வேண்டுகோள்: முன்-பின் படங்களை இங்கே போட வேண்டாம், மருத்துவர் பெயர்களைப் பொதுவில் கேட்க வேண்டாம். “ஒரு வாரத்தில் இறுக்கும் கருவி” விளம்பரம் ஒன்றை நீக்கியிருக்கிறேன்.


தவிட்டுக்குருவி

கருவி என்றதும் கேட்கிறேன், ரேடியோ அலை, அல்ட்ராசவுண்ட் என்கிறார்களே, அதெல்லாம்? அப்புறம் ஊசி போட்டுக் குறைத்தால் தோல் இன்னும் தொங்கும் என்பது உண்மையா?


இரவுப்பணி

கருவிகள் லேசான தளர்ச்சிக்கு. தாடைக்குக் கீழே கொஞ்சம் என்றால் கொஞ்சம் பலன் தெரியலாம். மடிந்து தொங்கும் தோலுக்கு வீண் செலவு.

செமாக்ளூடைடு ஊசியின் 2021 ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. ஊசி தனியாகத் தோலைக் கெடுப்பதாகச் சொல்ல முடியாது. எடை எவ்வளவு போனது, அதோடு தசை எவ்வளவு போனது என்பதே கணக்கு. பசியே இல்லாமல் புரதத்தைத் தவறவிடுகிறவர்களுக்கு முகமும் பிட்டமும் வற்றித் தெரியும்.


துணைவன்

இந்த இழையில் எழுதலாமா தெரியவில்லை. என் மனைவியும் இப்படிக் குறைத்தவர். விளக்கணைக்கும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. நான் ஏதாவது சொல்லிப் புண்படுத்திவிடுவேனோ என்று வாயே திறக்கவில்லை. என் மௌனத்தை அவர் அருவருப்பு என்று படித்திருக்கிறார், வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

கேட்டபோது அவர் சொன்னது: வயிற்றில் கை வைக்காதே என்று இல்லை, வைத்தால் கையைச் சட்டென்று எடுக்காதே. அந்த ஒரு வாக்கியம் கிடைக்க எங்களுக்கு எவ்வளவு நாள் ஆயிற்று. கார்மேகம், உங்கள் வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார் என்று உங்களுக்கு உண்மையில் தெரியுமா, ஊகமா?


கார்மேகம்

ஊகம்தான். நேற்று உங்கள் பதிவை அவரிடம் காட்டினேன், பேச முடியாததால். “நீ துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறாய், நான் வேண்டாதவன் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்” என்றார். இரண்டு பேரும் எதையெதையோ நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். விளக்கு இன்னும் அணைகிறது, ஆனால் பேச்சு வந்திருக்கிறது.

தோல் மருத்துவரைப் பார்த்தேன். இரவுப்பணி அக்கா சொன்னதேதான், ஸ்டீராய்டு க்ரீம். நிறுத்தி வேறு மருந்து கொடுத்திருக்கிறார். இன்னும் 10 கிலோ என்ற திட்டத்தைக் கைவிட்டேன். வயிற்றுக்கு மட்டும் அறுவை சிகிச்சை பற்றி ஒருமுறை ஆலோசனை கேட்கலாம் என்றிருக்கிறோம். கை இப்போதைக்கு இப்படியே இருக்கட்டும், நீளத் தழும்பைவிட எனக்கு இந்தத் தோல் பரவாயில்லை. போகும்போது என்னென்ன கேட்க வேண்டும்?


நீளத்தழும்பு

தழும்பு எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று உங்கள் உடம்பிலேயே பேனாவால் வரைந்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போடும் உள்ளாடையையும் கொண்டுபோங்கள், அதற்குள் மறையுமா என்று தெரியும். இதே அளவு எடை குறைத்தவர்களின் ஆறிய தழும்புப் படங்களைக் கேளுங்கள். புதுத் தையல் படமும், கொஞ்சமாகக் குறைத்தவர்களின் படமும் உதவாது. தையல் பிரிந்தால், நீர் கோத்தால், மறுபடி மருத்துவமனையில் அறை எடுக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.


இரவுப்பணி

அதோடு என் பங்கு. எடை மூன்று முதல் ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நல்ல மருத்துவர் தேதி தர மாட்டார். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதைச் சொல்லுங்கள், தள்ளிப்போடச் சொல்வார்கள். இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி, ரத்தப் புரதம் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டைக் குறைத்தவர்களுக்கு இவை இறங்கியிருக்கும், புண் ஆறாது. வீட்டில் யாராவது புகைத்தாலும் சொல்லுங்கள். நீங்கள் புகைப்பவர் என்றால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் கூடாது. காலில் ரத்தம் உறையாமல் இருக்க என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். இந்தச் சிகிச்சையில் நாங்கள் வார்டில் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆலோசனைக்குப் போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓரிரு வாரம் உங்களைத் தூக்கி உட்காரவைக்கப் போவது அவர்தானே.